தனி அடுப்பு

கேமரா ஒரு கையில் அடங்கிவிடும். லென்ஸோடு சேர்த்து ஒரு தேங்காயின் கனம்தான். இதை வைத்துத் தியேட்டரில் ஓடுகிற மாதிரி படம் எடுக்கலாம் என்று அறிவழகன் சொன்னபோது நான் மறுக்கவில்லை. எடுக்கலாம். விளக்கில்லாத அறையிலும் அது பார்க்கும். ஒலியைத் தனியாகப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றபடி பெரிய கேமராவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பார்த்துச் சொல்வது கடினம்.

அதைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி மணிமொழி. வடலூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. தோளில் தூக்கி வைக்கிற பழையதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கு என்றாள். வாங்கிய அன்று ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துச் சோதித்தேன். அந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. ஒருவர் முகத்தைப் பதிந்து வைத்தால், எத்தனை பேர் நின்றாலும் அந்த முகத்தைத் தேடிப் பிடித்து அதைத்தான் தெளிவாகக் காட்டும். கல்யாணங்களில் பெண்ணின் முகத்தைப் பதிந்துகொள்வேன், முடிந்ததும் அழிப்பேன். முதல் இடத்தில் மணிமொழி இருந்தாள். அதை அழிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

போன ஆடியில் அவள் ஸ்கூட்டர் மேல் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஏறியது. பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகிற வழியில். நான் ஒரு காதுகுத்தில் இருந்தேன்.

அறிவழகன் என்னோடு கல்லூரியில் படித்தவன். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பாவுக்கு அங்கே பெர்மனென்ட் வேலை. சென்னையில் சில வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, யாரும் படம் தராததால் தானே ஒன்று எடுக்க ஊருக்கு வந்திருந்தான். கதை ஒன்றும் பெரிதில்லை. சுரங்கம் எடுத்துக்கொள்ளப் போகிற ஒரு கிராமத்தில், என்றோ விட்டுப்போன காலி வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்க ஒரு பெண் வருகிறாள். உட்கார்ந்திருக்கிறாள். போகிறாள். பிறகு வீடு இடிக்கப்படுகிறது.

அந்தப் பெண்ணாக நடிக்க நடிகை வேண்டாம், என் மாமியார்தான் வேண்டும் என்றான். மணிமொழியின் கருமாதிக்கு வந்தபோதே அவர் முகத்தைக் கவனித்து வைத்திருந்தானாம்.

"பெரிய கேமராவைக் கண்டா ஜனங்க நடிக்க ஆரம்பிச்சிடுறாங்க மச்சி. இதைப் பாத்து எவனும் நடிக்க மாட்டான். அதான் இதோட பவர்."

சரி என்றேன். அந்தச் சமயத்தில் யார் எது கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமியார் சின்னம்மாள் இருந்த ஊர் சுரங்கத்தின் விளிம்பில் இருந்தது. தோண்டிக் கொட்டிய மண் மேடு அவர்கள் கொல்லைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. வீடு ஒரே அறை. புறம்போக்கில் மாமனார் எழுப்பியது. பட்டா இல்லை. மாமனார் போன பிறகு ரேஷன் கார்டில் அத்தையின் பெயர் மாமனாரின் அண்ணன் கொளஞ்சியப்பன் கார்டோடு சேர்ந்திருந்தது. மின்சாரமும் அவர் வீட்டிலிருந்து இழுத்த ஒரு கம்பிதான். காகிதத்தில் அந்த வீட்டில் அத்தை இல்லை.

ஊரில் அப்போது எல்லாரும் பேசிக்கொண்டது அடுப்பைப் பற்றித்தான். சுரங்கத்துக்கு ஊரை எடுக்கப் போகிறார்கள், அதற்குக் கணக்கெடுக்க வருகிறார்கள், தனி அடுப்பு எரிகிற வீடு தனிக் குடும்பம், தனிக் குடும்பத்துக்கு வேறு இடத்தில் மனை உண்டு. பட்டா இல்லாதவர்களுக்கு வேறு வழி கிடையாது. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு அந்தப் பாடு இல்லை. அவருடைய அடுப்பு வெகுநாளாக எரிகிறது. மூலையில் தரையோடு சேர்த்துப் பிடித்த மண் அடுப்பு. பக்கத்திலேயே ஒரு கோணித் துண்டு. மணிமொழி சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்துதான் படித்தாளாம்.

அந்த மனை கிடைத்துவிட்டால் போதும், கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை என்று அத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். கொளஞ்சியப்பன் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, போட்டதை ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர்.

ஒரு நாள் காலை நானும் அறிவழகனும் என் வண்டியில் போனோம். அவன் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டிருந்தான். கழுத்தில் ஏதோ பயிலரங்கின் அடையாள அட்டை தொங்கியது. அத்தை பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து அவனுக்குப் போட்டார். அவன் உட்காரவில்லை. டேப்பை எடுத்து, கேமரா வைக்கிற இடத்திலிருந்து அடுப்பு வரை ஒரு அளவு, சுவர் வரை ஒரு அளவு எடுத்தான். ஃபோகஸுக்காக எடுக்கிற அளவு அது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

முந்தின வருடம் பக்கத்து ஊரில் வீடுகளைக் கணக்கெடுத்தபோது வீடியோ வேலையைக் கான்டிராக்ட் எடுத்தவர் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். டேப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர், இதே கேமராவோடு நான். அத்தைக்கு அது தெரியும்.

"சினிமாதான் அத்தை" என்றேன். "உங்கள வச்சி ஒரு படம் எடுக்கிறாரு."

அத்தை என் கையிலிருந்ததைப் பார்த்தார். டவுன்ஷிப்பில் பாத்திரம் துலக்கப் போகிறவர் அவர். அங்கே ஒருமுறை ஷூட்டிங் நடந்ததைப் பார்த்திருக்கிறார். வேன் வரிசை, ராட்டினம் மாதிரி மேலே போகிற கிரேன், நடிகைக்குக் குடை பிடிக்க ஒரு ஆள்.

"கொட புடிக்கிறவன் எங்க மாப்ள?" என்றார். பிறகு வேலிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சரி. சினிமாதான். யாரு கேட்டாலும் அப்புடியே சொல்லிக்கிறேன். மொத வூடா நம்மள்து ஆவுதுன்னு தெரிஞ்சா வவுறு எரிவாளுவோ."

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தலையாட்டினார். என் வாயை அடைக்கிற மாதிரி ஒரு தலையாட்டல்.

டீ போடுவதற்காக அடுப்பைப் பற்ற வைத்தார். புகையும் நெருப்பும் எழுந்ததைப் பார்த்த அறிவழகன் ஓட விடு என்று சைகை காட்டினான். ஓட விட்டேன். அத்தை குனிந்து ஊதினார். அறை இருட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். ஆனால் திரையில் ஃபோகஸ் எங்கே என்று காட்டும் வெள்ளைக் கட்டம் அத்தையின் மேல் நிற்கவில்லை. அவரைத் தாண்டி, பின்சுவருக்குப் போய் நின்றது. அங்கே மணிமொழியின் படம் மாலையோடு மாட்டியிருந்தது. எங்கள் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு நான் பெரிதாக்கிக் கொடுத்தது.

கேமரா அவளைக் கண்டுபிடித்துவிட்டது.

அறிவழகன் என் தோளுக்கு மேல் பார்த்துத் திட்டினான். ஷாட் வீண், அழித்துவிடு என்றான். அந்த முகத்தை மெனுவில் போய்த் தூக்கு என்றான். எப்படி என்று தெரியாது என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அத்தையிடம் திரும்பி, அந்தப் படம் அங்கே வேண்டாம்மா என்றான். அத்தை உடனே கழற்றினார். துண்டில் சுற்றிக் கொளஞ்சியப்பன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஷாட்டை நான் அழிக்கவில்லை.

பிறகு வீட்டைக் காலி செய்யச் சொன்னான். பாத்திரம், பாய், மூட்டை எல்லாம். காலி அறையில்தான் அளவு சரியாக வரும் என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். கடைசியாக அடுப்பும் வேண்டாம் என்றான் அறிவழகன். ஆளில்லாத வீட்டில் புது மண் பூசிய அடுப்பு எப்படி இருக்கும்? அத்தை கடப்பாரையை எடுத்தார். எடுத்தவர் என்னிடம் வந்தார்.

"அடுப்பு பதிவாயிடுச்சா மாப்ள? எரியறப்பவே?"

"ஆயிடுச்சு."

அது உண்மை. பதிவாகியிருந்தது. அவர் அடுப்பை இடித்தார். மண்ணை அள்ளி வேலியோரம் கொட்டிவிட்டு, அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினார். வேலை முடிந்தபோது அங்கே அடுப்பு இருந்த சுவடு தெரியவில்லை. அறிவழகன் அந்த மூலையைத் தொட்டுப் பார்த்து, காயட்டும் என்றான்.

காயும்வரை என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க அத்தை என்னை ஆபீசர்னு நெனச்சிட்டிருக்காங்க, கவனிச்சியா?"

"சினிமான்னு சொல்லிட்டேன். நம்பல."

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சொன்னாதான் நம்புவாங்க. நான் இப்ப சொல்லப் போறதில்ல." சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தான். "இந்தப் பயம் எந்த நடிகைக்கு மச்சி வரும்? கடைசி ஷாட் முடியட்டும், நானே உட்கார வச்சிச் சொல்றேன்."

கடைசி ஷாட் மதியம். அத்தையை மெழுகிய தரையில் உட்கார வைத்து, முந்தானைக்குள் சின்ன மைக்கைச் செருகினேன். கேமராவுக்குப் பின்னால் குந்தியபடி அறிவழகன் கேட்டான். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

"நான்தான் சார்" என்றார் அத்தை. "நான் ஒருத்திதான் இருக்கறேன்."

அப்படி இல்லை என்றான். யாருமில்லை என்று சொல்ல வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தை என்னைப் பார்த்தார். நான் கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவனிடமே கேட்டார், அப்படிச் சொன்னால் நமக்கு நல்லதா என்று.

"நல்லதுதாம்மா. அப்பதான் எடுபடும்."

அத்தை யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. மைக்கை மறந்துவிட்டு என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார், "புறம்போக்குல இருக்கறேன்னு வாயால சொன்னா கேசு ஆயிடும். அதான் சாரு இப்புடிச் சொல்லச் சொல்றாரு. நல்ல மனுசன்." ஹெட்போன் அறிவழகனிடம் இருந்தது. எல்லாம் கேட்டது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

நாலைந்து முறை எடுத்தோம். ஒவ்வொரு முறையும் சொல் வந்தது, குரல் வரவில்லை. கடைசியில் அறிவழகன் எழுந்துபோய் அவர் எதிரே உட்கார்ந்து, உங்க பொண்ணு பொறந்தது இந்த வீட்டிலேயாம்மா என்று கேட்டான். ஆமாம் என்றார். சரி, இப்ப சொல்லுங்க என்று சொல்லிவிட்டு விலகினான்.

"இந்த வூட்டுல யாருமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

அழுதார். வெகுநேரம் அழுதார். கட்டம் அவர் முகத்தில் அசையாமல் நின்றது. ஃபோகஸ் ஒரு மயிரிழை நகரவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அதுதான்.

முடிந்ததும் அறிவழகன் அத்தையைக் கும்பிட்டான். ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வழியில் கேட்டேன். அடுத்த தடவை என்றான். அடுத்த தடவை வரவில்லை.

அத்தை புது அடுப்புப் போடவில்லை. போடுவதைப் புது மனையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். சாப்பாடு கொளஞ்சியப்பன் வீட்டில். கொஞ்ச நாள்தானே என்று அந்த வீட்டு அம்மாள் பேச்சையும் பொறுத்துக்கொண்டார்.

நிஜமான கணக்கெடுப்பு ஆட்கள் வந்தபோது நான் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அத்தை களை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். எங்க வூடு ஆயிடுச்சு, மத்த வூட்டப் பாருங்க என்று தெருவிலேயே சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மெழுகிய வெறும் தரை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அந்த அம்மா கொளஞ்சியப்பன் வீட்டில் சாப்பிடுகிறார் என்று பதில் வந்தது. பொய்யில்லை. ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மனை கிடைக்கிறவர்கள் பட்டியலை ஒட்டிய அன்று அத்தை போன் செய்தார். அதில் அவர் பெயர் இல்லை. பதற்றமே இல்லை. தப்பாகப் போட்டுவிட்டார்கள், நாம் எடுத்ததைக் கொண்டுவந்து காட்டினால் சரியாகிவிடும் என்றார். அப்போதுதான் எனக்கு முழுவதும் புரிந்தது. அது கணக்கெடுப்பு இல்லை, சினிமா என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். இந்த முறை நம்பினார். போனில் சுரங்க மெஷின் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"அடுப்பு பதிவாயிடுச்சுன்னு சொன்னீங்களே" என்றார்.

அறிவழகன் வீட்டுக்குப் போனேன். படத்தின் எடிட்டிங் முடிந்திருந்தது. கணக்கெடுப்பு ஆபீசுக்கு வந்து நடந்ததைச் சொல் என்றேன். இந்த அம்மா சொன்னது வசனம், அடுப்பை இடிக்கச் சொன்னது நான் என்று சொன்னால் போதும்.

"நானே போயி ஏமாத்தினேன்னு சொல்லணுமா? ஆபீசர் வேஷம் போட்டேன்னு கேஸ் போடுவான். ஃபெஸ்டிவலுக்குப் படம் போயிருக்கு, இப்ப போயி..." அவன் தட்டில் முறுக்கை வைத்து என் பக்கம் தள்ளினான். "உங்கிட்டதான் அடுப்பு ஷாட் இருக்குல்ல? அதைக் காட்டு. அது போதும்."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

மனு கொடுத்தோம். விசாரணைக்கு அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி சண்முகசுந்தரம் வயதானவர், நிதானமாகப் பேசினார். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். சினிமா என்றதும் சிரிக்கவில்லை. தனி அடுப்பு எரிந்ததற்கு ஏதாவது ஒன்று கொடுங்கள், அதை வைத்து மேலே எழுதுகிறேன் என்றார். லேப்டாப்பைத் திறந்து அந்த ஷாட்டைப் போட்டேன்.

மணிமொழி தெரிந்தாள். நெற்றியில் விழுந்த முடி தனித்தனியாகத் தெரிந்தது. மாலை கட்டிய நார் தெரிந்தது. அவளுக்கு முன்னால் கறுப்பாக ஒரு உருவம் குனிந்து அசைந்தது. அதன் பக்கத்தில் சிவப்பாக ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் செவப்பு என்னம்மா?"

"அடுப்பு சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விளக்கா, துணியா, அடுப்பா என்று மேலே கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். இதைத் தெளிவாக்க முடியாதா என்றார். முடியாது என்றேன். கேமரா அந்த நேரத்தில் எதைப் பார்த்ததோ அதுதான் இருக்கும்.

"வேற எதுவும் இருக்கா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "இருக்குது சார். நான் பேசுனது இருக்குது. என் மூஞ்சி, என் வூடு எல்லாம் தெளிவா வந்துருக்கும். போடுங்க மாப்ள."

வேண்டாம் என்றேன். போடுங்க என்றார் அதிகாரி. போட்டேன்.

வெறும் அறை. மெழுகிய மூலை. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அத்தையின் முகம், கண்ணீர், குரல் எல்லாம் துல்லியமாக இருந்தன. இந்த வூட்டுல யாருமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்.

சண்முகசுந்தரம் தானே லேப்டாப்பை மூடினார். "இதை எங்கயும் காட்டாதீங்கம்மா" என்றார் மெதுவாக. "நானும் பாக்கல. ஆனா எழுதறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அத்தை எழுந்திருக்கவில்லை. முதலில் போட்டதை இன்னொரு தடவை போடச் சொன்னார். மகளைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பார்த்தார். முடியும்வரை கண் இமைக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை.

"அவதான் செத்துப் பூட்டாளே. அவள எதுக்குடா எடுத்த? அடுப்ப எடுக்க வேண்டியதுதான?"

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஊரைக் காலி செய்கிற நாள் வந்தது. அறிவழகனின் படம் எங்கோ தேர்வாகியிருந்தது. முடிவில் வீடு இடிவதை மட்டும் நிஜமாக எடுத்துச் சேர்க்க வேண்டும், பழைய முடிவு பலவீனம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஒரே வீடு, ஒரே தடவை, தவறவிடக் கூடாது என்றான். பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

பொக்லைன் தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் குடும்பம் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர்களுடைய மனையில் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கித் தருவதாக அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். அறிவழகன் அத்தையை எங்கே நிற்க வைக்கலாம் என்று இடம் பார்த்தான். முதுகு காட்டி, வீட்டைப் பார்த்தபடி நின்றால் போதும், வசனம் கிடையாது என்றான். இந்த முறை அத்தை எதுவும் கேட்கவில்லை. டெம்போவிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

ஓட விட்டேன். பொக்லைனின் கை உயர்ந்தது. அத்தையின் முதுகு, அதைத் தாண்டி வீடு. ஃபோகஸ் வீட்டின் மேல் இருந்தது. கூரையில் கை பட்ட நேரத்தில் அத்தை திரும்பினார். கேமராவை நோக்கி நடந்து வந்தார். துண்டை உதறினார். மணிமொழியின் படத்தை லென்ஸுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா. இவளையே எடுத்துக்க."

கட்டம் துள்ளி வந்து மணிமொழியின் முகத்தில் நின்றது. பின்னால் மஞ்சளாக ஏதோ ஏறி இறங்கியது. பழுப்பாக ஏதோ சரிந்தது. புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடியது. நான் கேமராவைத் திருப்பவில்லை. அறிவழகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். வீடு எங்கேடா, வீட்டை எடுடா என்று கத்தினான். அத்தை படத்தை இறக்கவில்லை.

புழுதி அடங்கியபோது மண் மேடு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. பொக்லைன் ஓட்டியவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அத்தை படத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை என்றார்.